தவமணியின் பெருமூச்சும் அலுமினிய மேனிபோல்டும்

காங்கயத்துக்குத் தெற்கே, முருங்கைக்காயைத் தவிர மற்றதெல்லாம் கோணலாக வளர்கிற ஊஞ்சவலசு என்று ஓர் ஊர் உண்டு. அதற்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது, ஓடுகிறது என்று சொல்வது மரியாதைக்குத்தான், அதில் தண்ணீர் வந்து வருஷக்கணக்காகிறது, ஆகவே அந்த ஊர்க்காரர்களை எங்களிடமிருந்து பிரித்துவைக்க இப்போது எதுவுமே இல்லை. அவர்கள் கதையை நான் சொன்னால் பொறாமை என்பார்கள். பொறாமைதான், யார் இல்லையென்றது? கட்டியவள் விடுகிற பெருமூச்சில் பிக்கப் வண்டி ஓட்டியவர்களைப் பார்த்து எவனுக்குத்தான் வயிறு எரியாது? ஆனாலும் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன், கேட்டுவிட்டுப் பிறகு என்னைத் திட்டுங்கள்.

சென்னியப்பன் என்பவரிடம் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. விடிந்ததும் தோட்டம் தோட்டமாகப் போய் முருங்கைக்காய்க் கட்டுகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போவதும் மத்தியானம் வெறுஞ்சாக்குகளோடு திரும்புவதும் அந்த வண்டியின் பிழைப்பு. அதைப் பற்றி ஊரெல்லாம் பெருமையடிப்பது அவருடைய பிழைப்பு. ஒருநாள் மொட்டைப்பாறை ஏற்றத்தில் எங்கள் ஊர் வண்டி ஒன்று, அதுவும் வெங்காய மூட்டைகளை வானம் முட்ட அடுக்கிய வண்டி, ஹாரன்கூட அடிக்காமல் அவரைத் தாண்டிப் போய்விட்டது. மனிதர் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. மறுநாளே கோயம்புத்தூர் போய், வண்டியோடு வந்த இரும்பு மேனிபோல்டைக் கழற்றிவிட்டு மாட்டுவதற்கென்று அலுமினியத்தில் புதிதாக ஒன்று வாங்கி, துண்டில் சுற்றி மடியில் வைத்து, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்காமலே விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். வெளிக்காற்றை இழுத்து எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்கு வைக்கிற குழாய்தான் மேனிபோல்டு. குழாய் அகலமானால் காற்று தாராளமாகப் போகும், காற்று தாராளமாகப் போனால் இழுவை கூடும், இழுவை கூடினால் வெங்காயக்காரர்கள் பின்னால் வருவார்கள். விஷயம் அவ்வளவுதான்.

ஊரில் மெக்கானிக் என்று இருந்தவர் மார்க்கண்டன் ஒருவர்தான். கழற்றுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மாட்டுவதைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயம் உண்டு. அவர் வந்து ஏர் பில்டர் குழாயைக் கழற்றி, டீசல் டியூப்பைக் கழற்றி அதன் வாயை ஒரு கேனுக்குள் சொருகி, துருவேறிய போல்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டுத் தட்டித் தட்டி இளக்கி, பழைய மேனிபோல்டைப் பெயர்த்தெடுத்தார். எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய பேக்கிங் அட்டையைப் பிளேடால் சுரண்டி, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்துப் பளபளவென்று ஆக்கி, புது பேக்கிங்கை வைத்து, அலுமினியத்தை அதன்மேல் உட்காரவைத்து, போல்டுகளையெல்லாம் கையாலேயே திருகிவிட்டு, ஸ்பானரை நடு போல்டில் வைத்தார். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் வையாபுரி வந்து சேர்ந்தார்.

வையாபுரி வீட்டுக்கு வாஸ்து பார்ப்பார், கிணற்றுக்குப் பார்ப்பார், கோழிக்கூண்டுக்கும் பார்ப்பார். அவர் பேச்சைக் கேட்டுச் சென்னியப்பன் தன் வீட்டுக் கக்கூஸை மூன்று மூலைக்கு மாற்றி, இப்போது நாலாவது மூலையில் வைத்திருந்தார்.

"நடுவுல எதுக்கப்பா கை வெக்கற? அது பிரம்மஸ்தானம்" என்றார் வையாபுரி.

"மேனிபோல்டுன்னா நடுவுல இருந்துதானுங்க முறுக்கோணும்" என்றார் மார்க்கண்டன். "நடுவுல தொடங்கி, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி, கொஞ்சங் கொஞ்சமா வெளிய போவோணும். இல்லாட்டி ஒரு மூலை தூக்கிக்கும். காத்து லீக்காகுமுங்க."

"காத்து எந்த மூலைல வரோணும்னு உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? வண்டியக் கெழக்கப் பாத்துத் திருப்பு. ஈசானிய மூலைல ஆரம்பி. ஒண்ண முழுசா முறுக்கிப்போட்டு அடுத்ததுக்குப் போ. வலமாப் போ, சாமி சுத்தற மாதிரி."

மார்க்கண்டன் சென்னியப்பனைப் பார்த்தார். சென்னியப்பன் கிழக்கைப் பார்த்தார். "உங்க வண்டி, உங்க போல்டுங்ணா" என்று சொல்லிவிட்டு மார்க்கண்டன் வண்டியைத் திருப்பி நிறுத்தி, ஈசானியத்தில் ஆரம்பித்து வலமாகச் சுற்றி ஒவ்வொரு போல்டையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினார். சந்தனம் வைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள், சூடம் காட்டினார்கள். வாயு மூலையில் மேனிபோல்டு நகக்கண் அளவு தூக்கிக்கொண்டு நின்றதை யாரும் பார்க்கவில்லை, பார்த்த மார்க்கண்டனும் வாயைத் திறக்கவில்லை. சாவியைத் திருப்பினால் வண்டி உஸ்ஸென்றதே தவிர கிளம்பவில்லை.

அந்த நேரத்துக்குத்தான் சென்னியப்பனின் சம்சாரம் தவமணி ஆளுக்கொரு டம்ளர் மோர் கொண்டுவந்தாள். கொண்டுவந்தவள் சும்மா போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவளுக்குப் பல வாரமாக மனதில் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது, அதை நாலு பேர் முன்னால் கேட்டால் புருஷன் மறுக்கமாட்டார் என்று நினைத்து அங்கேயே கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க, தம்பி கண்ணாலத்துக்குப் போலாமுங்களா?"

இதற்குப் பின்னால் ஒரு ஜாங்கிரி இருக்கிறது. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் தவமணியின் பிறந்த வீட்டில் புது வீடு கட்டிக் குடிபுகுந்தபோது, மாப்பிள்ளை சென்னியப்பனை முதல் பந்தியில் உட்காரச் சொல்ல யாருக்கும் ஞாபகமில்லாமல் போய், இரண்டாம் பந்தியில் அவர் இலைக்கு வருவதற்குள் ஜாங்கிரி தீர்ந்துவிட்டது. அந்த ஜாங்கிரிக்காக அவர் மாமனார் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று சபதம் எடுத்து, தவமணியையும் மிதிக்கவிடாமல் வைத்திருந்தார். இப்போது அவள் தம்பி கந்தவேலுக்கு, பெண் தேடித் தேடிக் காதோரம் நரைத்தபிறகு, ஒரு வழியாகப் பெண் அமைந்து வைகாசியில் முகூர்த்தம் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் அவனுக்குப் பக்கத்தில் நின்று செய்கிற சீர், அவள் நின்றால்தான் அவனுக்குப் பெருமை. தவமணி போகாவிட்டால் அந்த இடத்தில் சித்தப்பா மகள் ஒருத்தி நிற்பாள்.

"அந்த ஊட்டுப் பேச்ச எடுக்காதேன்னு எத்தன தடவ சொல்றது?" என்றார் சென்னியப்பன்.

தவமணி பெருமூச்சு விட்டாள். அடிவயிற்றில் கிளம்பி, அடக்கிவைத்த அத்தனை வருஷத்தையும் தொட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் நீளமாக வெளியே வந்த மூச்சு அது. அவள் சேலைத் தலைப்பு வண்டிப் பக்கமாக ஒருமுறை பறந்தது. எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்பி, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஓட ஆரம்பித்தது.

மார்க்கண்டன் கேனுக்குள் கிடந்த டியூப்பைப் பார்த்தார். "டீசல் டியூப்பு இன்னும் மாட்டவே இல்லீங்ணா."

"அலுமினியமாச்சேப்பா" என்றார் சென்னியப்பன்.

"ஈசானியம்" என்றார் வையாபுரி.

அதற்குமேல் அங்கே யாரும் ஆச்சரியப்படவில்லை. ஊஞ்சவலசுக்காரர்கள் ஆச்சரியப்படுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்கள். வண்டி தவமணியின் பெருமூச்சில்தான் ஓடுகிறது என்பது மறுநாள் காலையில் அவள் இன்னொரு மூச்சு விட்டபிறகே எஞ்சின் கிளம்பியதில் தெரிந்தபோதும், "அப்படியா, நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, சென்னியப்பன் பாத்ரூமுக்கு வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் ஹோஸின் ஒரு நுனியை வாயு மூலைச் சந்தில் சொருகி, மறுநுனியை அடுப்படி ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, தவமணி நின்று சமைக்கிற இடத்தில் கட்டித் தொங்கவிட்டார். காலையில் அவள் அடுப்பு மூட்டும்போது, "உந்தம்பி கண்ணாலத்துக்கு நாம போறதில்ல, ஞாவகம் இருக்குதல்ல?" என்று ஜன்னல் வழியாக ஒருமுறை ஞாபகப்படுத்துவார். அவள் ஒரு மூச்சு விடுவாள். வண்டி சந்தைக்குப் போய்த் திரும்பிவரும். டீசல் டேங்க் எதற்கு வீணாகத் தொங்குகிறது என்று அதையும் கழற்றி எருமைக்குக் கழுநீர்த் தொட்டியாக்கிவிட்டார்.

எங்கள் ஊர் வெங்காய வண்டி மொட்டைப்பாறை ஏற்றத்தில் திணறிக்கொண்டிருக்கும்போது, சென்னியப்பன் வண்டி புகையே இல்லாமல், ஒரு பெண்பிள்ளை மூச்சு விடுகிற மெல்லிய ஓசையோடு எங்களைத் தாண்டிப் போயிற்று. அப்போது எங்களுக்கு வந்த பெருமூச்சைக்கூட அது விடாமல் இழுத்துக்கொண்டு போனது என்று எங்கள் டிரைவர் சத்தியம் செய்கிறான்.

ஊர் சும்மா இருக்குமா? ஊஞ்சவலசின் ஆண்பிள்ளைகள் எல்லாரும் தங்கள் பெருமூச்சிலும் வண்டி ஓடவேண்டும் என்று வரிசையில் நின்று ஹோஸில் ஊதினார்கள். மழை இல்லையென்று விட்ட மூச்சுக்கு எஞ்சின் இருமியது. நாட்டு நிலவரத்துக்காக விட்ட மூச்சுக்கு விக்கியது. கிரிக்கெட்டில் தோற்றதற்காக விட்ட மூச்சுக்குப் பின்பக்கமாக ஒரு சத்தம் விட்டது, அதை இங்கே எழுத முடியாது. பெண் கிடைக்காத முப்பத்தைந்து வயசுப் பையன்களின் மூச்சில் உண்மையிலேயே நல்ல வேகம் இருந்தது, ஆனால் அதோடு டாஸ்மாக் வாடையும் கலந்துவந்ததால் வண்டி ரோட்டில் நேராகப் போகவில்லை. கடைசியில் பெண்பிள்ளைகளின் மூச்சுதான் சுத்தமானது, கலப்படமில்லாதது, உள்ளூரிலேயே வற்றாமல் கிடைப்பது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஊரில் பெண்பிள்ளைகளை ஆண்கள் ஒருமனதாகப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் பெருமை பொத்துக்கொண்டு வந்தது. "என்ற ஊட்டுக்காரி ஒரு மூச்சு உட்டான்னா தாராவரம் போயிட்டு வந்தரலாம்" என்பான் ஒருத்தன். "தாராவரம் என்ன பெரிய தாராவரம், என்றவ உட்டா பழனிங்க, மலை மேல வரைக்கும்" என்பான் இன்னொருத்தன். எவன் மனைவிக்கு வெசனம் அதிகம் என்பதில் அடிதடி வரை போய்விட்டது. தவமணியை மட்டும் யாராலும் மிஞ்ச முடியவில்லை, அதனால் ஊர்ப் பெண்கள் மூச்சையெல்லாம் துணைக்கு வைத்துக்கொண்டு அவள் மூச்சைத்தான் ஊர்ச்சரக்குக்கு நம்பியிருந்தார்கள்.

ஊர்த்தலைவர் பொங்கியண்ணன் கோவில் முன்னால் கூட்டம் போட்டார். ஊர் நன்மையை உத்தேசித்து, முருங்கைக்காய் சீசன் முடிகிறவரை ஊஞ்சவலசில் எந்தப் பெண்பிள்ளையையும் யாரும் ஆறுதல்படுத்தக்கூடாது என்று முடிவாயிற்று. பூக்காரி ஊருக்குள் வரக்கூடாது என்றார்கள். டிவி சீரியலில் கதாநாயகி உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கும் நேரம் பார்த்து மெயினை இறக்கினார்கள். ஏதோ ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று தகவல் வந்து, தலைவர் தாமே நேரில் போய் இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசிவிட்டு வந்தார்.

ஒரு சங்கடம் இருந்தது. விட்ட பெருமூச்சுக்கும் உயிர் உண்டு. விட்டவள் மனம்விட்டுச் சிரித்தால் அது செத்துவிடும். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி வையாபுரியைப் போலப் பேசிக் காட்ட, தவமணி வயிறு வலிக்கச் சிரித்துவிட்டாள். அதே நிமிஷம் சந்தை ரோட்டில் வண்டி படுத்துவிட்டது, சரக்கு வெயிலில் வாடி வதங்கிப் போயிற்று. அதிலிருந்து அடுப்படிக்குப் பக்கத்தில் வேடிக்கை பேசுகிறவர்களை விரட்ட ஓர் ஆளையே போட்டார்கள்.

இன்னொரு நுணுக்கத்தைச் சென்னியப்பனே கண்டுபிடித்தார், அதற்காக இன்றைக்கும் அவருக்கு அங்கே மரியாதை உண்டு. வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொன்னால் நாளாக நாளாக மூச்சு மெலிந்துபோகிறது. மனித மனசு, எதற்கும் பழகிவிடுகிறது. அதனால் சாயங்காலம், "செரி, கண்ணாலத்துக்குப் போயிட்டுத்தான் வருவமே" என்று சொல்லவேண்டும், அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து பட்டுச்சேலையை எடுத்துக் கொடியில் காற்றாட விடுகிறவரை காத்திருக்கவேண்டும், காலையில், "யோசன பண்ணிப் பாத்தேன், வேண்டாம்" என்று சொல்லவேண்டும். அப்படி வருகிற மூச்சில் இரண்டு நடை போய்வரலாம். நம்பிக்கை கொடுத்துப் பிடுங்குவதில்தான் மைலேஜ் இருக்கிறது என்று அவர் விளக்கிச் சொன்னபோது, இதைத் தேர்தலுக்குத் தேர்தல் தாம் பார்த்திருப்பதாகப் பொங்கியண்ணன் ஒத்துக்கொண்டார்.

பெண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாதா என்று கேட்காதீர்கள். தெரியும். "பத்து மாசஞ் சொமந்து பெத்தப்பக்கூட இத்தன மரியாத இல்ல, இப்ப மூச்சு உட்டா எட்டிப்பாத்து நல்லா இருக்கியான்னு கேக்கறாங்க, நல்லா இருக்கேன்னு சொன்னா மொகம் சுண்டிப்போகுது" என்று தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். தவமணிக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு சாயங்காலமும் சேலையை எடுத்தாள். தெரிந்தே நம்பினாள், பாவம். தம்பி முகம் அப்படிப்பட்டது.

கல்யாணத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது கந்தவேலே வெற்றிலைபாக்குத் தட்டோடு நேரில் வந்தான். வந்தவன் மச்சான் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"மச்சான், தப்பு எங்க மேலதானுங்க. அக்காவ மட்டுமாவது அனுப்புங்க. அக்கா இல்லாம எனக்கு இணைச்சீரு வேண்டாமுங்க."

சென்னியப்பன் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு இரக்கம் வரவில்லை. வந்தது வேறு யோசனை, அதையும் பொங்கியண்ணன்தான் காதில் ஓதினார். மண்டபத்து வாசலில், ஆயிரம் பேர் பார்க்க, டீசலே இல்லாமல் ஓடுகிற வண்டியில் ஊரோடு போய் இறங்கினால் எப்படி இருக்கும்? சென்னியப்பனின் மார்பு அகலமாயிற்று. "செரி மாப்ள, எழு. வரோம். ஊரே வருது" என்றார். இந்தத் தடவை காலையில் மாற்றியும் சொல்லவில்லை.

முகூர்த்த நாள் விடிந்தது. வண்டியின் பின்னால் சீர்த்தட்டுகளோடு பெண்கள் ஏறிக்கொண்டார்கள், ஓரமாக ஆண்கள் தொற்றிக்கொண்டார்கள். முன்சீட்டில் தவமணியை உட்காரவைத்து, ஹோஸை அவள் முகத்துக்கு நேராகக் கட்டினார்கள். பட்டுச்சேலையும் தலைநிறையப் பூவுமாக அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள், அவளுக்கு இப்படியொரு முகம் இருப்பதே தெரியாமல் போயிற்றே என்றார்கள். சென்னியப்பன் சாமி கும்பிட்டுச் சாவியைத் திருப்பினார். வண்டி உஸ்ஸென்றது.

"மூச்சு உடு தவமணி."

அவள் விட்டாள். பூவாசனைதான் வந்தது.

அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது: அந்த வண்டி அவளை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகும், அவள் போக விரும்புகிற இடத்துக்கு மட்டும் கொண்டுபோகாது. 

மூளை உள்ள ஊர் என்றால் அங்கேயே இறங்கியிருக்கும். சென்னியப்பன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "செரி, எறங்கு, போவேண்டாம்" என்றார். தவமணிக்கு முகம் விழுந்தது, மூச்சு வந்தது, வண்டி கிளம்பியது. கிளம்பியதும், "சும்மா சொன்னேன், கண்ணாலத்துக்குத்தான் போறம்" என்றார். அவள் முகம் மலர்ந்தது, ஊர் எல்லைப் புளியமரத்தடியில் வண்டி நின்றது. "நெசமாவே திரும்பிப் போலாம்" என்றார். ஓடியது. "அட, கோவிச்சுக்காத" என்றார். கள்ளிமேட்டில் நின்றது. இப்படியே ஆசைகாட்டுவதும் பறிப்பதுமாக, நிறுத்தி நிறுத்தி, பின்னால் இருந்தவர்கள் தட்டுகளோடு முன்னும் பின்னும் விழுந்து எழ, முகூர்த்த நேரம் நெருங்க நெருங்க அவர்கள் பாதி வழி வந்து சேர்ந்தார்கள். தாலிக்கு முன்னால் போய்ச் சேரவேண்டும் என்பதற்காக அவள் ஒவ்வொரு தடவையும் மனதை உடைத்துக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள். மனசு தயாராக இல்லை.

பாதி வழியில், மரமே இல்லாத ஒரு நீளமான ரோட்டில், "போவேண்டாம், திருப்பறேன்" என்று சென்னியப்பன் சொன்னார். மூச்சு வரவில்லை. "போலாம்" என்றார். சிரிப்பும் வரவில்லை. வண்டி அசையாமல் நின்றது. பொங்கியண்ணன் பின்னாலிருந்த பெண்களைக் கூப்பிட்டு யாராவது ஒருத்தி ஊருக்காக ஒரு மூச்சு விடுங்கள் என்று கெஞ்சினார். அவர்கள் எத்தனையோ நாளைக்கப்புறம் வீட்டைவிட்டு வெளியே வந்த குஷியில் குலவைப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள், ஒருத்திக்கும் வெசனமே வரவில்லை. ஆண்கள் ஊதினார்கள். எஞ்சின் இருமியது.

தவமணி கதவைத் திறந்து இறங்கினாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஏனுங்க, இனிமே நீங்க போலாம்னு சொன்னாலும் எனக்குச் சந்தோசமில்லீங்க, போவேண்டாம்னு சொன்னாலும் வெசனமில்லீங்க. உங்க வண்டிக்கு என்றகிட்ட ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டு ரோட்டோரமாக நின்று கையை நீட்டினாள். அந்தப் பக்கம் வந்த டவுன் பஸ் நின்றது. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். சீர்த்தட்டுகளோடு பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்கி அதில் ஏறினார்கள், பாட்டை நிறுத்தாமலே ஏறினார்கள்.

"நானு?" என்றார் சென்னியப்பன்.

"வண்டிய நடுரோட்டுல உட்டுப்போட்டு வர முடியுமுங்களா? பாத்துக்குங்க" என்றாள் தவமணி. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும்.

பஸ் போய்விட்டது. இணைச்சீருக்குத் தவமணி சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள், தம்பிக்குப் பக்கத்தில் நின்றாள், நரைத்த காதோரத்தோடு அவன் அழுதான், அவள் அழவில்லை. இது பின்னால் நாங்கள் கேள்விப்பட்டது. ரோட்டில் நின்ற சென்னியப்பனுக்கு அதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தூரத்தில் சிறுத்துக்கொண்டே போன பஸ்ஸும், அதன் ஜன்னலில் திரும்பிப் பார்க்காத ஒரு தலையும்தான். அந்தத் தலையில் பூ இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நானும் போயிருக்கலாமே என்று நினைத்தார். முந்தாநாள் நினைத்திருக்கலாம், போன வருஷம் நினைத்திருக்கலாம். நெஞ்சுக்குள் என்னமோ கழன்று விழுந்தது, பெருமையடித்தே பழகிப்போன அந்த வாய் வழியாக, வாழ்க்கையில் முதல் தடவையாக, கலப்படமில்லாத ஒரு பெருமூச்சு வந்தது.

எஞ்சின் கிளம்பியது. தவமணியின் மூச்சில்கூட அப்படியொரு சத்தம் வந்ததில்லை என்று மார்க்கண்டன் பின்னால் சொன்னார். சும்மா நின்றபடியே வண்டி முன்சக்கரத்தைத் தூக்கப் பார்த்ததாம்.

ஆண்களெல்லாம் கைதட்டி விசிலடித்தார்கள். பொங்கியண்ணன் சென்னியப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "கெட்டிக்காரனப்பா நீ! இத்தன நாளா இத எங்க ஒளிச்சு வெச்சிருந்தே?"

"தலைவரே, அப்பக் கண்ணாலத்துக்கே போயரலாமுங்களா?" என்று கேட்டார் சென்னியப்பன், முகமெல்லாம் மலர. வண்டி நின்றுவிட்டது.

"அட கெடுத்தியே! அங்க போறத நெனைக்காத. ஊட்டுக்குத்தான் போறம். பூட்டுன ஊட்டுக்கு." பொங்கியண்ணன் பொறுமையாக எடுத்துச் சொன்னார். வண்டி மறுபடியும் கிளம்பியது. வழியில் எங்கும் நிற்காமல், பள்ளம் மேடு பார்க்காமல், அவர்களை ஊஞ்சவலசில் கொண்டுவந்து இறக்கிவிட்டது.

அன்றிலிருந்து ஹோஸ் அடுப்படி ஜன்னலில் இல்லை, சென்னியப்பனின் கட்டில் தலைமாட்டில் தொங்குகிறது. ஊர் பழைய வேலையைப் புது ஆளிடம் ஆரம்பித்தது, அதில் அவர்களுக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. சாயங்காலமானால் பொங்கியண்ணன் வந்து, "நாளைக்கு மாமனார் ஊட்டுக்குப் போயி அம்மிணியக் கூட்டிட்டு வந்தரலாம், வேட்டியத் தேச்சு வெய்யி" என்பார். சென்னியப்பன் தேய்த்து வைப்பார். காலையில் தலைவர், "இன்னிக்கு லோடு அதிகம், இன்னொரு நாளைக்குப் பாக்கலாம்" என்பார். இரண்டு நடை, சில நாள் மூன்று நடை. இதைக் கண்டுபிடித்தவர் தாமேதான் என்பது சென்னியப்பனுக்குத் தெரியும். தெரிந்தும் வேட்டியைத் தேய்த்தார்.

கல்யாணக் களை அடங்கி, விருந்துகளெல்லாம் முடிந்து, ஒருநாள் காலையில் தவமணி போன் செய்தாள். நாளைக்குக் கிளம்பி வருவதாகச் சொன்னாள். வாசலில் முருங்கைக்காய் ஏற்றிக் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று அடங்கிற்று. பொங்கியண்ணன் பாய்ந்து வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்த சென்னியப்பன் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"அம்மிணி, நாந்தான் தலைவர் பேசறேன். ஒண்ணும் அவசரமில்ல சாமி. பொறந்த ஊட்டுக்கு எத்தன வருசங்கழிச்சுப் போயிருக்கறே, நல்லா இருந்துட்டு வா. இங்க ஊரே சொல்லுது, நீ பாட்டுக்கு இரு."

தவமணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏனுங்க தலைவரே, வண்டி ஓடுதுங்களா?"

"ஓடுதா? மொட்டப்பாற ஏத்தத்துல நாலாவது கியருல போகுது அம்மிணி!"

"அப்படீங்களா" என்றாள் தவமணி. "அப்ப ஆடி நோம்பி முடிச்சுட்டே வாரனுங்க."

பொங்கியண்ணன் போனை வைத்துவிட்டு, செய்தியை எப்படிச் சொல்வது என்று தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பினார். சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை, ஆடிப் பண்டிகை முடிந்துதான் வருவாள் என்பது சென்னியப்பன் காதிலும் விழுந்திருந்தது. வாசலில் வண்டி கிளம்பிவிட்டிருந்தது.